சிரட்டை, சாறி, பழைய பேப்பர்: கொழும்பு வீட்டில் கைவேலை தொடங்குவது எப்படி

கைவேலை பழக ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, 100 இலக்க பஸ்ஸோ 101ஓ பிடித்துப் புறக்கோட்டைக்குப் போவதுதான். கெய்சர் வீதியில் முத்தும் பட்டியும் மினுக்குத் தூளும், மலிபன் வீதியில் கட்டுக்கட்டாக நிறக் கடதாசி, போகிற வழியில் ஒரு பசைத் துப்பாக்கி. பை நிறைய வாங்கி வந்து, சனிக்கிழமை மேசையில் பரப்பி, ஏதோ ஒன்றை அரைகுறையாக ஒட்டிவிட்டு எழும்புவோம். இரண்டு கிழமைக்குள் அந்தப் பை அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். என் வீட்டு அலுமாரிக்கு மேலும் அப்படி ஒரு பை நாலு வருடம் இருந்தது. திறந்து பார்த்த அன்று பட்டி முழுக்கப் பூஞ்சணம், கம் போத்தல் கல், மினுக்குத் தூள் மட்டும் வாங்கின மாதிரியே.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ஒரு மாதத்துக்கு ஒன்றும் வாங்காதீர்கள். குசினியிலும் துணி அலுமாரியிலும் கிடப்பதே போதும். காசைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது கொழும்பின் ஈரக்காற்று. கீழே வரும் ஒவ்வொன்றிலும் அதைப் பற்றித்தான் கடைசியில் பேச வேண்டி வரும்.

ஒரு கிழமை சேர்த்து வையுங்கள்

வீட்டுக்குள் தானாக வந்து சேருவதை ஒரு கிழமை பாருங்கள். தேங்காய் திருவினால் சிரட்டை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. எருமைத் தயிர் வாங்கினால் மண்சட்டி. பால்மாப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி. தேய்ந்துபோன ஈர்க்குமாறு. கிழிந்த சாரம், சாயம் போன சாறி. கழுவக்கூடியதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரே ஒரு பெட்டிக்குள் போடுங்கள். கழுவாமல் போட்டால் எறும்பும் கரப்பானும் உங்களுக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிடும்.

ஒரே பெட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இடம் எவ்வளவு என்று தெரியும். "என்றைக்காவது உதவும்" என்று எல்லாவற்றையும் சேர்க்கத் தொடங்கினால், வீட்டில் மற்றவர்கள் உங்கள் கைவேலைக்கே எதிரியாகிவிடுவார்கள். பெட்டி நிறைந்ததும் மிச்சத்தைப் பழைய பேப்பர், போத்தல் வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளுக்கும் கடைக்குப் போகத் தேவையில்லை. அடிமட்டம், ஊசி, தடித்த நூல், கத்தரிக்கோல் இருந்தால் சரி. முடிந்தால் கத்தரிக்கோலை மட்டும் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று துணிக்கு, ஒன்று தாளுக்கு. தாள் வெட்டிய கத்தரி பிறகு துணியை மெல்லும். எங்கள் வீட்டில் துணிக் கத்தரியின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அதால் தாள் வெட்டினால் அம்மம்மா பேசமாட்டா, பார்ப்பா. அது பேச்சைவிட மோசம்.

பசை

எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. கடையில் வாங்கும் கம் நல்லதுதான். ஆனால் தாள் வேலைக்குக் கோதுமை மாப் பசைதான் மலிவு, பெரிய பரப்புக்கும் அதுதான் வசதி. சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் வாளியில் பார்த்திருப்பீர்களே, சிங்களத்தில் 'பாப்ப' என்பார்கள், அதேதான்.

மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். ஒன்றரைக் கோப்பை தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை அதற்குள் மெல்ல ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். மெல்லிய நெருப்பில் மூன்று, நாலு நிமிடம். வெள்ளையாக இருந்த கலவை கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெளியும்போது இறக்க வேண்டும். அந்தத் தெளிவு வருமுன் இறக்கினால் அது வெறும் மாக்கரைசல். மாவிலுள்ள மாப்பொருள் சூட்டில் தண்ணீரைக் குடித்து ஊதினால்தான் பிசுபிசுப்பு வரும். காய்ந்ததும் தூளாக உதிரும் பசை எல்லாம் வேகாத பசை.

ஆறும்போது மேலே ஆடை கட்டும். அதைக் கரண்டியால் எடுத்து எறியுங்கள், கலக்க வேண்டாம். அம்மம்மா தூரிகையைத் தொடமாட்டா. "விரலுக்குத்தான் பிள்ளை கட்டி தெரியும்" என்பா. அது உண்மைதான். விரலில் தடவும்போது பசை குறைவாகப் போகிறது, கட்டியும் உடனே அகப்படுகிறது. பழகாதவர்கள் செய்யும் பெரிய பிழை, பசையை அதிகமாகப் பூசுவது. தாள் நனைந்து சுருங்குவதற்கும், பிறகு பூஞ்சணம் பிடிப்பதற்கும் அதுதான் காரணம்.

கொழும்பு வெக்கையில் இந்தப் பசை வெளியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் ஒரு கிழமை வரை போகும். புளித்த வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு சிட்டிகை சீனாக்காரத் தூள் சேர்த்தால் சீக்கிரம் பழுதாகாது. முன்பு புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

காயவைப்பது, அல்லது உப்பு மாப் பிள்ளையாரின் கதை

வேறு நாட்டுக் காணொளியைப் பார்த்துச் செய்பவர்கள் கொழும்பில் ஏமாறும் இடம் இது. இரண்டு கோப்பை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறையத் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, உருவம் பிடித்துக் காயவிடச் சொல்வார்கள். உலர்ந்த ஊரில் அது கல்லாகும். ஆனால் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்கரைப் பக்கம் இரவில் அந்த அளவைத் தாண்டாத நாள் அரிது. உப்புப் போத்தலுக்குள் நாம் நாலு அரிசி போட்டு வைப்பது எதற்காம்? நான் செய்த உப்பு மாப் பிள்ளையார் வைகாசி மழையில் வியர்த்தார். பிறகு தும்பிக்கை நீண்டது. மூன்றாம் கிழமை தட்டிலேயே படுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாகப் பாண் களி செய்யுங்கள். மேல்தோல் நீக்கிய ஒரு துண்டு வெள்ளைப் பாணை உதிர்த்து, ஒரு மேசைக்கரண்டி வெள்ளைக் கம் ஊற்றிப் பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டும், எரிச்சலாக இருக்கும். ஐந்து நிமிடம் விடாமல் பிசைந்தால் திடீரென்று ஒட்டாமல் மிருதுவாகத் திரளும். இரண்டு, மூன்று துளி தேசிக்காய்ச் சாறு விடலாம். சின்னப் பூ, தோட்டு மணி, குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்துக்கு ஒட்டும் பழங்கள் இதற்குப் பொருத்தம். பெரிதாகச் செய்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, நிறம் பூசி, மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை பூசிவிடுங்கள். பூசாமல் விட்டால் எறும்பு வரும். என்ன இருந்தாலும் அது பாண்தானே.

பொதுவாக எந்த ஒட்டு வேலையையும் காலையிலேயே தொடங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் ஆனால் இடியோடு மழை. பின்னேரம் ஒட்டிய தாள் இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கொஞ்சம் நிம்மதி. சுள்ளென்ற வெயிலில் வைத்தால் தாள் முறுகும். மின்விசிறிக்குக் கீழே வைப்பதே நல்லது.

பேப்பர் பை

பசை கைக்கு வந்ததும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். 2025 நவம்பரிலிருந்து கடைகளில் சொப்பிங் பேக் இலவசமாகக் கிடைப்பதில்லை, ஆகவே செய்த பையை வீட்டில் யாரும் பரணில் போடமாட்டார்கள்.

பத்திரிகையின் விரித்த தாள் ஒன்றை எடுத்து, நடு மடிப்பிலேயே மடித்து இரட்டையாக்குங்கள். நீளப் பக்கம் இடம் வலமாக இருக்கும்படி வையுங்கள். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் ஏறும்படி ஒட்டுங்கள். ஒரு குழாய் கிடைக்கும். இனி அதன் அடிப்பக்கத்தை ஏறக்குறைய எட்டுச் சென்ரிமீற்றர் மேலே மடித்து, நகத்தால் அழுத்தி, திரும்ப நிமிர்த்துங்கள். அந்த மடிப்புக் கோடு வரை அடிவாயைத் திறந்து, இரண்டு பக்க மூலைகளையும் உள்ளே அழுத்தித் தட்டையாக்கினால் இரு புறமும் முக்கோணமாக விழும், நடுவில் சாய்சதுரம் போல வரும். மேல் மடலை நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டி இறக்கி, கீழ் மடலை அதன்மேல் ஏற்றி ஒட்டிவிடுங்கள். அடி ரெடி. சவர்க்காரப் பெட்டி மட்டையில் அளவாக ஒரு துண்டு வெட்டி உள்ளே அடியில் ஒட்டினால் பாரம் தாங்கும்.

வாய்ப்பக்கத்தை மூன்று சென்ரிமீற்றர் உள்ளே மடித்து, மடிப்புக்குள் பால்மாப் பெட்டி மட்டைக் கீலம் ஒன்றை வைத்து ஒட்டிய பிறகே கயிற்றுக்குத் துளை போட வேண்டும். வெறும் தாளில் துளை போட்டால் வாசல்படி தாண்டுமுன் கிழியும். ஒரு கிலோ பருப்பைத் தைரியமாகத் தூக்கலாம். கீரை, மீன், ஐஸ் வைத்த எதற்கும் இது ஆகாது. வடை, பற்றிஸ் போன்ற எண்ணெய்ப் பண்டத்தையும் நேரே போடாதீர்கள், அச்சு மை எண்ணெயில் ஊறிக் கறுப்பாக ஏறும். காலிமுகத்திடலில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் கச்சான் சரை வாங்கி, யாருடையவோ கணக்குப் பிழைகளை வாசித்துக்கொண்டே சாப்பிட்ட தலைமுறை நாங்கள். அது வேறு கதை, கச்சான் வறண்ட சாமான்.

முதல் மூன்று பை கோணலாக வரும். வரட்டும், குப்பைக்கூடைக்குள் விரிக்கப் போட்டுவிடுங்கள்.

சிரட்டை

சிரட்டையில் பூச்சாடியும் பேனாத் தாங்கியும் செய்யச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் அதன் பாதி அழகு சுரண்டுவதில்தான் இருக்கிறது, அதைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. முதலில் சிரட்டையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். ஒட்டியிருக்கும் தும்பை மொட்டைக் கத்தியின் முதுகுப் பக்கத்தால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகச் சுரண்டுங்கள். உள்ளே மீந்த தேங்காயைத் துளிகூட விடாமல் எடுத்துவிட வேண்டும். அது மிஞ்சினால் ஊசல் மணம் போகவே போகாது. காய்ந்த பிறகு சாண்ட் பேப்பர்: முதலில் கரடான 80ஆம் இலக்கம், பிறகு 120, கடைசியில் மென்மையான 240. மூன்றுக்கும் ஒவ்வொரு தாள் போதும். ஒரு மாதம் ஒன்றும் வாங்காதீர்கள் என்றேனே, இது இரண்டாம் மாதத்து வேலை. தூள் மிக நுண்ணியது, மூக்கைக் கட்டிக்கொண்டு திறந்த இடத்தில் இருந்து தேயுங்கள். 120ஐத் தாண்டும்போது மண்நிறம் போய்க் கறுப்பும் கபிலமும் கலந்த ரேகைகள் எழும்பும். கடைசியில் துணியில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால், அரசாங்கக் கைப்பணிக் கடையான லக்சலவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கு அதிகம் குறையாது.

கண் உள்ள பாதியையும் கண் இல்லாத பாதியையும் பிரித்து வையுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, முளை வருகிற கண். ஆணியால் குத்தினாலே திறந்துவிடும். ஆகவே கண் உள்ள பாதி செடிக்கு, மற்றப் பாதி ஊசி, பொத்தான், சில்லறைக்கு.

செடிக்கு வைக்கும் சிரட்டையில் அந்தக் கண்ணைக் கட்டாயம் திறந்துவிடுங்கள். இது அலங்காரப் பேச்சு இல்லை. டெங்கு நுளம்புக்குச் சிரட்டையில் தேங்கும் இரண்டு கரண்டித் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பதும் பல்கனியில் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, தயிர்ச் சட்டிகளைத்தான். "கைவேலைக்கு வைத்திருக்கிறேன் ஐயா" என்றால் கேட்கமாட்டார்கள். செய்யாமல் மிஞ்சிய சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.

தயிர்ச் சட்டிக்கும் அதே விதிதான். அடியில் துளை வேண்டுமானால் சட்டியை இரவு முழுக்க ஊறவிட்டு, கூரான ஆணியைக் கையால் திருகித் திருகிக் குடையுங்கள். சுத்தியலால் அடித்தால் சட்டி இரண்டாகும். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால், செடி வைக்காத சட்டிக்கு மட்டும் அடியுங்கள். மண்சட்டி உள்ளிருந்து ஈரத்தைக் கசியவிடும், பூச்சு ஒரு மாதத்தில் தகடு தகடாகக் கழரும். எனக்கென்னவோ, வெறும் செம்மண் நிறமே பச்சைச் செடிக்குப் போதும்.

பழைய சாறியில் கால்மிதி

இதற்குப் பசை இல்லை, காயவைக்கத் தேவையும் இல்லை. மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. டீவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

பருத்திச் சாறியாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு சின்ன வெட்டுப் போட்டு இழுத்தால், பருத்தி நூலோட்டத்தோடு நேராகக் கிழியும். நைலெக்ஸ் போன்ற செயற்கை நூல் சாறி கிழியாது, வெட்டத்தான் வேண்டும். அதோடு அது தண்ணீரையும் உறிஞ்சாது, கால்மிதிக்கு என்ன பயன்? கீலங்களை முடிச்சுப் போட்டுத் தொடுக்காதீர்கள், முடிச்சுக் காலில் உறுத்தும். இரண்டு கீலத்தின் முனையிலும் பொத்தான் ஓட்டை மாதிரி ஒரு வெட்டுப் போட்டு, பழையதன்மேல் புதியதை வைத்து, புதிய கீலத்தின் மறுமுனையை இரண்டு ஓட்டைக்குள்ளாலும் கீழிருந்து மேலே இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

மூன்று கீலம் எடுத்துச் சடை பின்னத் தெரிந்தால் மிச்சம் எல்லாம் தெரியும். சடையை மேசையில் தட்டையாக வைத்து, நத்தை மாதிரிச் சுருட்டிக்கொண்டே, பக்கத்துச் சுற்றோடு இரட்டை நூலால் தையுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் மடியின் வளைவு கால்மிதிக்கும் வந்துவிடும். ஓரம் கிண்ணம் போல எழும்பினால் சடையை இறுக்கி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், இரண்டு சுற்றைப் பிரித்துத் தளர்வாக விடுங்கள். ஓரம் அலை அலையாக ஆடினால் தளர்வு கூடிவிட்டது. ஒரு முழுச் சாறி ஒரு கால்மிதிக்குத் தாராளம், மிஞ்சவும் மிஞ்சும். பின்னும்போது கீலங்கள் வேறு வேறு நீளமாக இருக்கட்டும். மூன்றும் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே மட்டும் தடித்துப்போகும்.

கறைபட்ட சாரம் ஒன்று கலந்தால் கட்டங்கள் இடையிடையே தலைகாட்டும், அது ஒரு தனி வடிவு. புதுத் துணி வாங்கிக் கால்மிதி பின்னுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஈர்க்கில் ஒரு கூடு

மேலே சொன்ன எல்லாம் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். மே மாதம் ஆனால் கொழும்பில் எந்தச் சந்தியில் திரும்பினாலும் வெசாக் கூடு, பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குத் தொங்கும் கடதாசி விளக்கு. அதில் பழைய வடிவம் அட்டபட்டம், எட்டுப் பட்டை என்று பொருள். பெரிய கூடுகளை மூங்கில் கீற்றில் கட்டுவார்கள். கையளவு கூட்டுக்குத் தேய்ந்த ஈர்க்குமாறு போதும். இந்தக் கூட்டுக்குச் சமயம் பார்க்கத் தேவையில்லை. எங்கள் தொடர்மாடியில் இதே கூடு வெசாக்குக்கும் தொங்கும், கார்த்திகை விளக்கீட்டுக்கும் தொங்கும், நத்தாருக்கும் மூன்றாம் மாடியில் தொங்கும்.

கணக்கு மிக எளிது. ஆறு சதுரங்களை மூலைக்கு மூலை தொடுத்தால், இடையில் எட்டு முக்கோணங்கள் தாமாகவே உருவாகும்.

1. ஈர்க்கின் அடிப்பக்கத் தடித்த பாதியை மட்டும் எடுத்து, 12 சென்ரிமீற்றர் நீளத்தில் 48 துண்டுகள் வெட்டுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து நூல் சுற்றினால் 24 குச்சிகள். ஒற்றை ஈர்க்கு நனைந்த தாளின் இழுவைக்கே வளைந்துவிடும்.

2. நாலு குச்சிக்கு ஒரு சதுரமாக ஆறு சதுரம் கட்டுங்கள். மூலையில் நூலைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சின்மேல் ஒரு துளி கம் வையுங்கள்.

3. ஒரு சதுரத்தை மேசையில் படுக்க வையுங்கள். அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு சதுரத்தை, மூலை கீழ்நோக்க, பட்டம் நிற்பதுபோல நிறுத்திக் கட்டுங்கள். இந்த இடத்தில் இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும், தனியாகச் செய்து கோபப்படாதீர்கள்.

4. நிற்கும் நாலு சதுரங்களின் பக்க மூலைகளை அடுத்ததோடு அடுத்ததாகக் கட்டுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நாலு மூலைகளிலும் ஆறாவது சதுரத்தைப் படுக்கவைத்துக் கட்டினால் கூடு முடிந்தது. எண்ணிப் பாருங்கள், மொத்தம் பன்னிரண்டு கட்டுத்தான் இருக்க வேண்டும்.

இப்போது தூக்கிப் பார்த்தால் கூடு ஆடும், ஒரு பக்கம் நெளியும். முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் "பிழைத்துவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். பிழை ஒன்றும் இல்லை. சதுரம் என்றால் நெளியத்தான் செய்யும், அதை நிறுத்தப் போவது தாள். ஆகவே நிற்கும் சதுரங்களுக்கு முதலில் ஒட்டுங்கள். ஒட்டுமுன் 17 சென்ரிமீற்றர் நூல் ஒன்றை எடுத்து மூலைவிட்டத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் சமமாக இருந்தால் சதுரம் நேராக நிற்கிறது. பட்டம் கட்டும் டிசு பேப்பரை எல்லாப் பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் கூட வைத்து வெட்டி, பசையைக் குச்சியில் மட்டும் தடவி, தாளை மெல்ல இழுத்து ஒட்டி, ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். நாலு சதுரமும் காய்ந்ததும் கூட்டின் ஆட்டம் நின்றிருக்கும். பிறகுதான் எட்டு முக்கோணமும். சதுரம் வெள்ளை, முக்கோணம் ஏதாவது ஒரே ஒரு நிறம் என்பது என் விருப்பம். எட்டுக்கு எட்டு நிறம் போட்டால் விளக்கு எரியும்போது கண்ணுக்கு ஓய்வே இராது.

மேல் சதுரத்தையும் அடிச் சதுரத்தையும் மூட வேண்டாம். மேலால் சூடு வெளியேறும், அடியால் பல்ப் போகும். தாள் தளர்ந்து தெரிந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு கைநுனியால் தண்ணீரை மிக லேசாகத் தெளித்துவிட்டு விடுங்கள். உலரும்போது டிசு பேப்பர் தானாக இறுகி மேளத்தோல் போல் நிற்கும். தெளிக்கும் கை கொஞ்சம் கூடினால் பசை விட்டுவிடும், அது பழக்கத்தில்தான் வரும். கீழ் மூலைகளில் வால் தொங்கவிட, டிசு கீலத்தை நாலாக மடித்து ஓரத்தைப் பொடிப்பொடியாகக் கத்தரித்தால் போதும்.

உள்ளே எரிக்க எல்.ஈ.டி. பல்ப் மட்டும். காய்ந்த ஈர்க்கும் டிசு பேப்பரும் அடுப்பு மூட்டப் பயன்படும் சாமான்கள், இந்த அளவுக் கூட்டில் மெழுகுதிரி வைக்க வேண்டாம். மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்துப் பல்கனிக் கூரைக்குள் தள்ளித் தொங்கவிடுங்கள்.

பண்டிகை முடிந்ததும் கூட்டை அப்படியே எடுத்து வைக்கும் ஆசை வரும். நான் முதல் வருடம் தாளோடு பரணில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து இறக்கியபோது குச்சிகள் இருந்தன, பசை பட்ட ஓரமெல்லாம் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் சாப்பிட்டு, தாள் நடுவில் மட்டும் பூப்போலத் தொங்கியது. இப்போது தாளை அன்றைக்கே கிழித்து, குச்சிகளை ஈரத் துணியால் பசை போகத் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, வெறும் கூட்டை ஆணியில் மாட்டிவிடுவேன். கார்த்திகைக்கு முதல் நாள் மூன்று கரண்டி மா, ஐந்து தாள் டிசு, அவ்வளவுதான் செலவு.